‘அடினோ பாசிட்டிவ்’ என்றால் எந்த அடினோ? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: 25 நாள் வயதுள்ள கறிக்கோழிகள் திடீரென இறக்கின்றன. அறுத்துப் பார்த்தால் கல்லீரல் வீங்கி, வெளுத்த மஞ்சள் நிறத்தில், ரத்தப் புள்ளிகளோடு இருக்கிறது. ஆய்வகத்தில் ‘அடினோவைரஸ் பாசிட்டிவ்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். எந்தத் தடுப்பூசி போடலாம்?

பதில்: இதே கேள்வி வெவ்வேறு வடிவங்களில் பலரிடமிருந்து வந்திருப்பதால் விரிவாகவே எழுதுகிறேன். ‘அடினோவைரஸ் பாசிட்டிவ்’ என்பது நோயறிதல் அல்ல. பாதியில் நிறுத்தப்பட்ட ஆய்வு. வண்டி மோதியது என்று எழுதிவிட்டு வண்டி எண்ணை எழுதாத புகாருக்கும் இதற்கும் வேறுபாடு இல்லை. கோழி அடினோவைரஸ்கள் ஏ முதல் ஈ வரை ஐந்து இனங்களாகவும், அவற்றுக்குள் 12 சீரோடைப்புகளாகவும் (எதிர்ப்பொருள் சோதனையில் வேறுபடும் வகைகள்) பிரிந்துள்ளன. நீங்கள் விவரிக்கும் கல்லீரல் அழற்சியை டி இனத்தின் 2, 11 ஆகியவையும், ஈ இனத்தின் 8ஏ, 8பி போன்றவையும் பெரும்பாலும் உண்டாக்குகின்றன. சி இனத்தைச் சேர்ந்த 4-ஆம் வகையோ இதயத்தைச் சுற்றியுள்ள பையில் வைக்கோல் நிறத் தெளிந்த நீரைத் தேக்கி, சில நாள்களில் கொட்டகையில் பாதியைக்கூடக் கொன்றுவிடும். 1987-இல் கராச்சிக்கு அருகே அங்காரா கோத் என்ற இடத்தில் முதலில் கண்டறியப்பட்டதால் அதற்கு அங்காரா நோய் என்ற பெயரும் உண்டு. ஏ இனத்தின் 1-ஆம் வகை கல்லீரலை விட்டுவிட்டு இரைப்பையை அரிக்கிறது. இவை போதாவென்று, எந்த நோயுமில்லாத கோழியின் எச்சத்திலும் அடினோவைரஸ் வெளியேறும். ஆக, உங்கள் அறிக்கையில் உள்ள ‘பாசிட்டிவ்’ குற்றவாளியையும் குறிக்கலாம், அருகில் நின்றவரையும் குறிக்கலாம்.

ஐயத்தைத் தீர்க்க இரண்டு செய்ய வேண்டும். முதலாவது, கல்லீரல் திசுவை நுண்ணோக்கியில் பார்த்து, செல்களின் உட்கருவுக்குள் இன்க்ளூஷன் பாடி எனப்படும் அடர்நிறத் திரள்கள் இருக்கின்றனவா என்று உறுதி செய்வது. இரண்டாவது, வைரஸின் வெளி ஓட்டுப் புரதத்துக்கான ஹெக்ஸான் மரபணுவில் சில நூறு எழுத்துகளை (டிஎன்ஏ தொடரின் அலகுகளை) படித்து வகையைத் தெரிந்துகொள்வது. வைரஸின் மரபணு இருக்கிறதா என்று மட்டும் காட்டும் பிசிஆர் சோதனைக்குப் பணம் கட்டும் பண்ணையாளர், அதற்கு அடுத்த படியான இந்த ஆய்வைக் கேட்காமலே எழுந்து போய்விடுகிறார். ஆய்வகமும் ஒற்றை வரி அறிக்கையோடு அவரை அனுப்பிவிடுகிறது. பிறகு யாரோ 4-ஆம் வகைக்கான ஊசியை விற்கிறார்கள், கொட்டகையில் 11-ஆம் வகை சுற்றுகிறது, தடுப்பூசி பயனற்றது என்று பழி வருகிறது. ஒரே இனத்தைச் சேர்ந்த வகைகளுக்கிடையே ஓரளவு குறுக்குப் பாதுகாப்பு கிடைப்பதுண்டு. இனம் மாறினால் அதை நம்பி இறங்கக் கூடாது. வகை தெரியாமல் ஊசி போடாதீர்கள்.

இப்போது நோய் கண்டுள்ள கோழிகளுக்கு எந்த ஊசியும் உதவாது. இறப்பு பெரும்பாலும் மூன்று நான்கு நாள்களில் உச்சத்தைத் தொட்டு, ஒரு வாரம் பத்து நாளில் தணிந்துவிடும். ஊசிக்கான எதிர்ப்பாற்றல் உருவாவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். தடுப்பூசி முக்கியமாகத் தாய்க்கோழிகளுக்கு உரியது. முட்டையின் மஞ்சள் கரு வழியாகக் குஞ்சுக்கு எதிர்ப்பொருள் செல்வதும், தாயிடமிருந்து வைரஸ் முட்டைக்குள் இறங்காமல் தடுப்பதும்தான் அதன் நோக்கம்.

கேள்வி: என் கோழிகளுக்குக் கல்லீரல் கெட்டுவிட்டது. என்ன வைரஸ்?

பதில்: கோழியின் வயது என்ன? கறிக்கோழியா, முட்டைக்கோழியா? எத்தனை இருந்தன, எத்தனை இறந்தன? தீவனம் எப்போது மாறியது? இவற்றில் ஒன்றைக்கூட எழுதாமல் வைரஸின் பெயரைக் கேட்டால் எவராலும் சொல்ல இயலாது. பூஞ்சை நச்சு கலந்த தீவனமும் கல்லீரலை மஞ்சளாக்கும். மேரக்ஸ், லூக்கோசிஸ் ஆகிய வைரஸ் நோய்கள் அதைக் கட்டிகளால் நிரப்பும். விவரங்களோடு மறுபடி எழுதுங்கள்.

கேள்வி: 40 வார முட்டைக்கோழிகளில் முட்டை குறைந்துள்ளது. இறந்தவற்றில் கல்லீரலும் மண்ணீரலும் பெருத்து, வயிற்றுக்குள் ரத்தம் கட்டியிருக்கிறது. இதுவும் அடினோவா?

பதில்: தேவையான விவரங்களோடு எழுதியதற்கு நன்றி. இந்த வயதில், இந்த அறிகுறிகளோடு, முதலில் ஐயுற வேண்டியது பறவை ஹெபடைடிஸ் ஈ வைரஸை. அடினோவைரஸ் டிஎன்ஏ வகை. ஹெபடைடிஸ் ஈ-யோ சுமார் 6,600 எழுத்துகள் மட்டுமே கொண்ட ஆர்என்ஏ வைரஸ். ஆஸ்திரேலியாவில் பெருங்கல்லீரல் மண்ணீரல் நோய் என்றும், வட அமெரிக்காவில் வேறொரு பெயரிலும் தனித்தனியே விவரிக்கப்பட்டவை ஒரே வைரஸின் கிளைகள் என்பது மரபணுத்தொடரைப் படித்த பிறகே தெளிவாயிற்று. கண்டங்களுக்கிடையே மரபணுவகைகள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு எழுத்துகள் வரை வேறுபட்டாலும், எதிர்ப்பொருள் சோதனையில் ஒரே சீரோடைப்பாகவே நடந்துகொள்கின்றன. அடினோவில் நிலைமை இதற்கு நேர்மாறானது என்பதைக் கவனியுங்கள். லூக்கோசிஸ் இல்லை என்பதைத் திசு ஆய்வில் உறுதி செய்துகொள்வதும் அவசியம்.

கேள்வி: பறவை ஹெபடைடிஸ் ஈ வைரஸ் மனிதருக்குத் தொற்றுமா?

பதில்: தொற்றியதற்குச் சான்று இல்லை. ஆய்வில் குரங்குகளுக்குச் செலுத்திப் பார்த்தபோதும் தொற்றவில்லை.

கேள்வி: சீனாவில் 2015 முதல் பரவிய 4-ஆம் வகை வைரஸில் சுமார் 2,000 எழுத்துகள் காணாமல் போனதால்தான் அது கொடியதாயிற்று என்று படித்தேன். சரியா?

பதில்: சரியன்று. அந்த இழப்பு அவ்வைரஸை அடையாளம் காண உதவும் முத்திரை, அவ்வளவே. ஆய்வகத்தில் மரபணுக்களை மாற்றிச் சோதித்தபோது, கொடுமைக்குக் காரணம் வைரஸின் மேற்பரப்பில் உள்ள ஹெக்ஸான், ஃபைபர்-2 ஆகிய புரதங்களில் உள்ள மாற்றங்கள் என்றே தெரியவந்தது. ஹெக்ஸானின் 188-ஆம் இடத்தில் உள்ள ஒரே ஓர் அமினோ அமிலத்துக்குக்கூட அதில் பெரும் பங்கு உண்டு. எழுத்துகள் எத்தனை மாறின என்பதைவிட எந்த இடத்தில் மாறின என்பதே முக்கியம்.

கேள்வி: நான் ஆய்வு மாணவி. ஹெக்ஸானில் 500 எழுத்துகளைப் படித்து மரபுவழி மரம் வரைந்தேன். எங்கள் வைரஸ் 8பி-யிலிருந்து சற்று விலகி நிற்கிறது. புதிய திரிபு என்று அறிவிக்கலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். இவ்வைரஸின் மரபுத்தொகுதி 43,000 முதல் 46,000 எழுத்துகள் வரை நீளும்; அதில் நூறில் ஒரு பங்கைத்தான் நீங்கள் படித்திருக்கிறீர்கள். வகையைச் சொல்ல அது போதும், புதியது என்று சொல்லப் போதாது. டி, ஈ இனங்களில் இரண்டு வகைகள் ஒரே செல்லில் சந்தித்து மரபணுத் துண்டுகளை மாற்றிக்கொள்வது நிறுவப்பட்ட உண்மை. ஹெக்ஸான் ஒரு மூதாதையிடமிருந்தும் ஃபைபர் இன்னொரு மூதாதையிடமிருந்தும் வந்திருந்தால் உங்கள் மரம் பாதிக் கதையைத்தான் சொல்லும். ஃபைபரையாவது படியுங்கள், முடிந்தால் முழுத் தொகுதியையும் படியுங்கள். பழைய கட்டுரைகளில் ஐரோப்பியரும் அமெரிக்கரும் ஒரே வைரஸுக்கு வெவ்வேறு எண்கள் கொடுத்திருக்கிறார்கள் என்பதால், எண்ணை மட்டும் நம்பி ஒப்பிடவும் வேண்டாம்.

கேள்வி: எதிர்ப்பாற்றலைக் குலைக்கும் கம்போரோ நோய்க்கும் ரத்தசோகை வைரஸுக்கும் எதிராகக் கோழிகளை முறையாகக் காத்திருக்கிறோம். பிறகும் கல்லீரல் அழற்சி ஏன்?

பதில்: அவை இருந்தால் நோய் கடுமையாகும், ஆனால் இன்றைய வகைகளில் பல தாமாகவே நோய் உண்டாக்க வல்லவை. வகையைக் கண்டறியுங்கள்.

கேள்வி: கொட்டகையைச் சோப்பு நீரால் கழுவினால் போதுமா?

பதில்: போதாது. அடினோவைரஸுக்குக் கொழுப்பு உறை இல்லை; சோப்புக் கரைக்க அங்கே எதுவும் இல்லை. கூளத்தையும் எச்சத்தையும் முற்றிலும் அகற்றிக் கழுவிய பிறகு, ஆல்டிஹைடு அல்லது அயோடின் வகைக் கிருமிநாசினியை உரிய நேரம் ஊறவிட வேண்டும்.

கேள்வி: கல்லீரலை ஃபார்மலினில் போட்டு அனுப்பினோம். வகை சொல்ல இயலவில்லை என்கிறார்கள்.

பதில்: அவர்கள் சொல்வது சரி. ஃபார்மலின் திசுவைக் காக்கும், மரபணுவைச் சிதைக்கும். அப்போதுதான் இறந்த நான்கைந்து கோழிகளிலிருந்து கல்லீரலை எடுத்து, விரல் நுனி அளவுத் துண்டுகளை நுண்ணோக்கி ஆய்வுக்காக ஃபார்மலினிலும், மீதியை வேறொரு பாத்திரத்தில் ஃபார்மலின் படாமல் பனிக்கட்டியிலும் வைத்து அனுப்புங்கள். ஹெபடைடிஸ் ஈ ஐயம் இருந்தால் பித்தநீரையும் சேர்த்து அனுப்புங்கள். வகைப்படுத்தவும் வேண்டும் என்று விண்ணப்பத்திலேயே எழுதிவிடுங்கள்.