மாரி தொடங்கும்போது அத்திவாரம் வெட்டலாமா?

மட்டக்களப்பு கல்லடியிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். கடலுக்கும் வாவிக்கும் நடுவில் பதினைந்து பேர்ச்சஸ் காணி. கனடாவில் இருக்கும் அண்ணன் வீடு கட்டக் காசு அனுப்பத் தயாராக இருக்கிறார். கொந்தராத்துக்காரர் வந்து, "மழை பிடிக்கமுன் அத்திவாரத்தைப் போட்டுவைப்போம், தைக்குப் பிறகு சாமான் விலை ஏறிடும், பாதிக் காசை இப்பவே தாங்க" என்கிறாராம். தொடங்குவதா, பொறுப்பதா?

பொறுங்கள் தம்பி. மாசிக் கடைசி வரை பொறுங்கள்.

மட்டக்களப்பில் வருடத்து மழையில் பெரும்பங்கு நவம்பர், டிசம்பர், ஜனவரி என்ற மூன்று மாதத்துக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். உங்கள் இடம் மணல் தரை. மேலே மழை, ஒரு பக்கம் வாவி நிரம்பி, தண்ணீர் கடலுக்கு வடிய முகத்துவாரத்து மணல்திட்டை எப்போது வெட்டுவார்கள் என்று ஊரே காத்திருக்கும் காலம், அப்போது நிலத்தடி நீர் எந்த மட்டத்தில் நிற்கும் என்று கிணற்றை எட்டிப் பார்த்தாலே தெரியும். இரண்டு மூன்று அடி வெட்டினால் குழிக்குள் தண்ணீர். தண்ணீருக்குள் கொட்டிய கொங்கிறீட்டில் சீமெந்து கழுவுப்பட்டுப் போய்விடும், மிஞ்சுவது கல்லும் மணலும்தான். மோட்டர் வைத்து இறைத்துவிட்டுக் கொட்டுகிறேன் என்பார்கள். மணல் தரையில் விடாமல் இறைத்தால் தண்ணீரோடு மணலும் சேர்ந்து வரும், குழியின் கரை சரியும், பக்கத்து வீட்டு மதில் அருகில் இருந்தால் அதுவும் வெடிக்கும். அப்புறம் அந்தச் சண்டையை நீங்கள்தான் பார்க்க வேண்டும், கொந்தராத்துக்காரர் பார்க்க மாட்டார்.

சரி, விலை ஏறுமே? ஏறலாம். அதற்காக இப்போதே சீமெந்து வாங்கி அடுக்கினால் மாரி ஈரத்தில் பையோடு கட்டிப்பட்டுவிடும். மூன்று மாதத்துக்கு மேல் கிடந்த சீமெந்தைப் பலகை மேலே வைத்திருந்தாலும், சீற் போட்டு மூடியிருந்தாலும் நான் வீட்டின் பாரம் தாங்கும் வேலைக்கு விடமாட்டேன். "பாதிக் காசு இப்பவே" என்பதன் உள்விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். மாரியில் வேலை இருக்காது. முன்னைய வீட்டுக்காரரிடம் வாங்கிய காசு தீர்ந்து அவர் வேலை பாதியில் நிற்கும், அதை முடிக்க உங்கள் காசு வேண்டும். உங்கள் வேலையை முடிக்க அடுத்தவர் காசு வரும். எல்லாக் கொந்தராத்துக்காரரும் இப்படி என்று சொல்லவில்லை, ஆனால் ஐப்பசியில் வந்து பாதிக் காசு கேட்பவரைப் பற்றி எனக்குச் சந்தேகம் உண்டு, அதை மறைக்க மாட்டேன். குழி வெட்டியபின் இவ்வளவு, அத்திவாரம் நிலமட்டத்துக்கு வந்தபின் இவ்வளவு என்று வேலைக்கு வேலை பிரித்து எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். எழுத மறுப்பவரை விட்டுவிடுங்கள்.

மணலிலும் ஒரு பொறி இருக்கிறது. மணலைக் கியூப் கணக்கில்தான் விற்கிறார்கள். இலேசாக நனைந்த மணல் உப்பி நிற்கும், காய்ந்த மணலைவிட நாலில் ஒரு பங்கு வரைகூடப் பருமன் கூடலாம். ஆகவே மாரியில் டிப்பர் நிறைய வரும் மணலில் நீங்கள் காசு கொடுத்த அளவு மணல் இருக்காது, அதைப் பெட்டியால் அளந்து கலந்தால் கலவையும் பிழைக்கும். நேரான கண்ணாடிப் போத்தலில் மணலைப் போட்டு, மேலே தண்ணீர் நிற்கும்வரை ஊற்றிக் கிண்டிவிடுங்கள், எவ்வளவு கீழே இறங்குகிறது என்று உங்கள் கண்ணாலேயே பாருங்கள். கடற்கரை மணலை "கழுவிய மணல்" என்று கொண்டுவந்தால் திருப்பி அனுப்புங்கள். உப்பு கம்பியைத் தின்றுவிடும்.

இந்த மாரியில் சும்மா இருக்கச் சொல்லவில்லை. கோடையில் ஒரு காணி காட்டாத உண்மையை மாரி காட்டும். காணியின் நாலு மூலையிலும் தடி நட்டு, பெருமழையில் தண்ணீர் எந்த உயரம் வரை ஏறுகிறது, எந்தப் பக்கம் வடிகிறது, எத்தனை நாள் நிற்கிறது என்று குறித்து வையுங்கள். பழைய அயலவரிடம் 2011 ஜனவரி வெள்ளம் எதுவரை வந்தது என்று கேளுங்கள். வீட்டின் உள்நில மட்டத்தை அதற்கு மேலே வைப்பதுதான் கணக்கு, ரோட்டுக்கு மேலே ஒரு அடி என்று கண்ணை மூடிக்கொண்டு போடுவது கணக்கல்ல. மலசலகூடக் குழியின் ஆழத்தையும் இந்த மாதங்களில்தான் தீர்மானிக்க வேண்டும். ஆவணியில் காய்ந்து கிடக்கும் குழி மார்கழியில் நிலத்தடி நீர் ஏறிக் கிணற்றோடு பேசும்.

அனுமதிப் பத்திர வேலையையும் இப்போதே தொடங்குங்கள். கடலின் உயர்நீர் மட்டத்திலிருந்து 300 மீற்றருக்குள் காணி வந்தால் உள்ளூராட்சி சபையின் அனுமதி மட்டும் போதாது, கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதியும் வேண்டும். வாவிப் பக்கத்துக்கும் தனிக் கணக்கு உண்டு, அதைக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். ஒரே காணி உறுதிப் பத்திரத்தின் பிரதியை ஒவ்வொரு அலுவலகத்திலும் புதிதாகக் கேட்பார்கள், ஒரு உத்தியோகத்தர் லீவு என்றால் கோப்பு மேசையிலேயே தூங்கும். கட்டுவதற்கென்று எங்களுக்கு இருப்பது ஏழெட்டு மாதம், அதில் மூன்று மாதத்தைக் கோப்பு தின்றால் கூரை போடும் வேலை தானாக ஐப்பசிக்குள் விழுகிறது. இது எல்லா அலுவலகத்துக்கும் தெரியும், ஆனாலும் ஒரு வருடமாவது மாறுகிறதா? அந்த இடைவெளியில்தான் "கையெழுத்து நான் எடுத்துத் தாறன்" என்று வாசலில் நிற்பவர் பிழைக்கிறார். அவரிடம் மூல உறுதியைக் கொடுக்காதீர்கள், பிரதியைக்கூடக் கொடுக்காதீர்கள்.

மாரியில் செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. ஏற்கெனவே கூரை போட்ட வீட்டின் உட்சுவர்ப் பூச்சும் உள்நிலமும். காற்றில் ஈரம் இருப்பதால் பூச்சு மெதுவாக இறுகும், கச்சான் என்ற வறண்ட மேல்காற்று அடிக்கும் ஆனி, ஆடியில் ஒரு மணித்தியாலத்தில் காய்ந்து தலைமயிர் போல வெடிப்பதைவிட இது நல்லது. ஆனால் கதவு, யன்னல் பூட்டியிருக்க வேண்டும், ஓடு எங்கும் ஒழுகக்கூடாது. வெளிப்பூச்சு இதில் சேராது. நிறப்பூச்சு சேரவே சேராது, ஈரச் சுவரில் பூசினால் கொப்பளித்து உரியும். "உள்ளே செய்யலாம் என்றீர்களே" என்று சொல்லிக்கொண்டு வெளிவிறாந்தைக்குப் பூசிவிட்டு என்னிடம் வருகிறார்கள். விறாந்தை உள்ளே அல்ல, சாரல் அடிக்கும் இடம் வெளிதான். உங்களுக்கோ கூரையே இல்லை, ஆகவே இந்த விதிவிலக்கு உங்களுக்குப் பொருந்தாது.

மாசிக் கடைசியில் குழி வெட்டுங்கள். சித்திரை வருடப்பிறப்புக்கு மேசன்மார் ஒரு கிழமையாவது வரமாட்டார்கள், வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு, ஆடி அமாவாசைக்கு மாமாங்கக் கோயில் தீர்த்தம், இதையெல்லாம் முதலே கழித்து நாள் போடுங்கள். கோடையில் கொங்கிறீட்டுக்குக் குறைந்தது ஏழு நாள் தண்ணீர் பிடிக்க வேண்டும். ஆவணியில் கிணற்றுத் தண்ணீர் உவர்த்தால், குடிக்க முடியாத அந்தத் தண்ணீரைக் கம்பி போட்ட வேலைக்கு விடாதீர்கள். புரட்டாதிக்குள் கூரை ஏறி, கூரை மரங்கள் சுவரோடு கம்பியால் இறுகியிருக்க வேண்டும். 1978 நவம்பர் 23 சூறாவளியைக் கண்ட ஊர் இது, கூரையில்லாத தனிச் சுவரை ஐப்பசிக்கு விட்டுவைக்கக்கூடாது.

அண்ணனிடம் மொத்தக் காசையும் இப்போது அனுப்ப வேண்டாம் என்று சொல்லுங்கள். மாசியில் அத்திவாரத்துக்கு மட்டும் அனுப்பட்டும், மீதியை வேலையின் படத்தைப் பார்த்துப் பார்த்து அனுப்பலாம்.