ஆடும் கல்லும் கீழே நிற்பவரும்: பாலைவனப் பாறை ஏறுபவருக்கு ஒரு விளக்கம்

கேள்வி: என் ஊர் இலங்கையின் வன்னியிலுள்ள நெடுங்கேணி. சவூதி அரேபியாவில் தாயிஃப் பக்கம் மின்சார வேலை செய்கிறேன். வெள்ளிக்கிழமைகளில், உடன் வேலை செய்யும் பிலிப்பைன்ஸ் நண்பர்களுடன் பாறை ஏறப் போகிறேன். அங்கே 12 மீற்றர் உயரமான கருங்கல் வழியொன்றில் நான்கு போல்ற் (கயிறு மாட்டப் பாறையில் பதிக்கும் உலோக ஆணி) அடித்திருக்கிறார்கள். சென்ற முறை மூன்றாவது போல்ற்றுக்குச் சற்றுக் கீழே நான் பிடித்த கல் ஆடியதால் இறங்கிவிட்டேன். போல்ற் இருக்கும்போது என்ன பயம் என்று கேட்கிறார்கள். மீண்டும் ஏறலாமா? விடுமுறையில் வரும்போது எங்கள் ஊர்ப் பாறைகளிலும் ஏறிப் பார்க்கலாமா?

பதில்: நீங்கள் இறங்கியது சரியான முடிவு. போல்ற் அடிப்பது ஏறுபவர் விழுந்தால் தாங்குவதற்காக. அவருடைய கையோடு பெயர்ந்து வரும் கல்லை அது தடுக்காது. அந்தக் கல் விழும் இடத்தில்தான் உங்கள் கயிற்றைப் பிடித்தபடி நண்பர் நிற்கிறார். 12 மீற்றரிலிருந்து விழும் கல் ஏறத்தாழ ஒன்றரை வினாடியில், மணிக்கு 55 கிலோமீற்றர் வேகத்தில் தரையை அடைகிறது. அது அவர்மேல் பட்டுக் கயிறு கைநழுவினால், மேலே இருக்கும் உங்களுக்கும் பிடி இல்லாமற் போகிறது. ஆகவே ஏறலாமா என்பதைக் கீழே நிற்பவரின் பாதுகாப்பிலிருந்தே முடிவு செய்யுங்கள்.

கருங்கல் உறுதியானது என்ற நம்பிக்கை பாலைவனத்தில் பாதிதான் உண்மை. பகல் வெயிலில் பாறையின் மேற்பரப்பு விரிந்து இரவுக் குளிரில் சுருங்குகிறது. எப்போதாவது கிடைக்கும் ஈரம் வெடிப்புகளுக்குள் இறங்கிக் கல்லிலுள்ள களிக்கல் (ஃபெல்ட்ஸ்பார்) என்ற கனிமத்தை மெல்ல மெல்லக் களிமண்ணாக மாற்றுகிறது. காலப்போக்கில் மேலடுக்கு தாய்ப்பாறையிலிருந்து விலகி, தகடுபோல ஒட்டிக்கொண்டு நிற்கிறது. சில இடங்களில் கல் மணிமணியாக உதிரும். விரலால் தேய்க்கும்போது பருமணல் கொட்டுகிற பாறையில் கால் வைத்தாலும் வழுக்கும், அங்கே அடித்த போல்ற்றையும் முழுதாக நம்ப முடியாது.

சோதிக்கும் முறை உங்களுக்குப் புதிதல்ல. சந்தையில் மண்சட்டி வாங்கும்போது அம்மா விரல் மடக்கித் தட்டிப் பார்ப்பார். நல்ல சட்டி கணீரென்று ஒலிக்கும், கீறல் விழுந்த சட்டி அடங்கிய ஒலி தரும். பாறையும் அப்படித்தான். ஒவ்வொரு பிடியையும் பாரம் கொடுக்கும் முன் உள்ளங்கையின் அடிப்பகுதியால் தட்டுங்கள். மற்றக் கையை அதே கல்லின் இன்னொரு பக்கத்தில் வைத்து அதிர்வு வருகிறதா என்று கவனியுங்கள். உள்ளே வெற்றிடம் உள்ள கல் பறைபோல ஒலிக்கும். கல்லைச் சுற்றியுள்ள வெடிப்பையும் பாருங்கள். நான்கு பக்கமும் வெடிப்பு ஓடி, அதற்குள் புது மண்ணும் வெளிறிய கல்முகமும் தெரிந்தால் அது அண்மையில் அசைந்த கல். அதைத் தொடாமல் விலகிப் போங்கள். வேறு வழியில்லாமல் ஐயமான பிடியைப் பயன்படுத்த நேர்ந்தால், நேர்கீழாக மட்டும் பாரம் கொடுங்கள். வெளிப்பக்கமாக இழுக்கக் கூடாது. அலுமாரியின் இழுப்பறையை இழுப்பதுபோல இழுத்தால் கல் அப்படியே வெளியே வந்துவிடும்.

சில வருடங்களுக்கு முன் நான் ஏறிய ஒரு சிறு வழியில் பாதித் தேங்காய் அளவு கல் என் வலக்கையோடு வந்தது. கயிறு பிடித்த நண்பர் அதற்குச் சற்று முன்புதான் பாறையோடு ஒட்டி இரண்டு அடி இடப்பக்கம் நகர்ந்திருந்தார். கல் அவருடைய தோளை உரசிக்கொண்டு போனது. அவர் கயிற்றிலிருந்து கையை எடுக்கவில்லை. அன்றிலிருந்து, கயிறு பிடிப்பவர் எங்கே நிற்பார் என்று பேசி முடிக்காமல் நான் ஏறுவதில்லை. அவர் ஏறுபவருக்கு நேர்கீழே நிற்கக் கூடாது. பாறையை விட்டு வெகுதூரம் பின்வாங்கவும் கூடாது, ஏனெனில் விழுபவரின் பாரம் அவரைப் பாறையை நோக்கி இழுத்துச் செல்லும். இருவருக்கும் தலைக்கவசம் கட்டாயம். தானாகக் கயிற்றைப் பிடித்து நிறுத்தும் கருவி இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். கல் விழுந்தால் கத்த வேண்டிய சொல்லையும் முன்கூட்டியே ஒத்துக்கொள்ளுங்கள், உங்கள் நண்பர்களுக்கு நம் "கல்!" புரியாது, "ராக்!" புரியும். அதைக் கேட்டவர் மேலே பார்க்காமல் பாறையோடு ஒட்ட வேண்டும்.

குட்டையான வழி என்பதால் தரையில் விழமாட்டீர்கள் என்று எண்ண வேண்டாம். முதல் போல்ற் 3 மீற்றரில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உங்கள் இடுப்பு 5 மீற்றரை எட்டியதும், தலைக்கு மேலுள்ள இரண்டாவது போல்ற்றில் மாட்டுவதற்குக் குறைந்தது ஒரு மீற்றர் கயிற்றை மேலே இழுக்கிறீர்கள். அந்த நொடியில் கல் பெயர்ந்தால், போல்ற்றுக்கு மேலே இருந்த 2 மீற்றரின் இருமடங்கும் இழுத்த ஒரு மீற்றரும் சேர்ந்து 5 மீற்றர் விழுவீர்கள். அதாவது தரை. போல்ற் இடுப்பளவுக்கு வரும்வரை ஏறி, உறுதியான பிடியில் நின்று மாட்டினால் தளர்கயிறு குறையும். முதல் போல்ற்றை மட்டும், முருங்கைக்காய் பறிக்கும் கொக்கத்தடிபோல ஒரு நீளக் கம்பின் நுனியில் கொக்கியைக் கட்டித் தரையிலிருந்தே மாட்டிவிடலாம். இதை வெட்கப்படாமல் செய்யுங்கள்.

போல்ற்றையும் கையால் திருகிப் பாருங்கள். தகடு சுழன்றால், துரு வடிந்த தடம் இருந்தால், சுற்றியுள்ள கல் தட்டும்போது வெறுமையாக ஒலித்தால், அது இல்லாதது போலவே கணக்கிட வேண்டும். 12 மீற்றர் வழிக்கு 30 மீற்றர் கயிறு போதும். அதன் கீழ்நுனியில் மறவாமல் முடிச்சிடுங்கள். கயிற்றை உருவி இறக்கும்போதும் அது கற்களைத் தட்டிவிடும் என்பதால், எல்லோரும் விலகி நிற்கும்வரை உருவ வேண்டாம்.

உங்கள் வழியைப் பொறுத்தவரை, வேறொரு பாதையால் உச்சிக்குப் போய் அங்குள்ள நங்கூரத்திலிருந்து (கயிறு கட்டும் உறுதியான பிடிமானம்) கயிறு இறக்க முடியுமானால், அனுபவமுள்ள ஒருவர் அதில் தொங்கி அந்தக் கல்லைச் சோதிக்கட்டும். கீழே ஒருவரும் இல்லாத நேரத்தில் அதை அகற்ற முடியுமானால் அகற்றிவிட்டு ஏறலாம். முடியாவிட்டால் வேறு வழியைத் தேர்ந்தெடுங்கள்.

ஊர்ப் பாறைகள் வேறு வகை. வன்னியின் தென்பகுதியில் வெளித்தெரியும் பாறைகளை நிலவியலாளர்கள் வன்னித் தொகுதி என்றே அழைக்கிறார்கள். அவை கடும் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறியவை. அவற்றில் பல வரிவரியான அடுக்குகளைக் கொண்டவை. அந்த வரிகளின் வழியே தகடு பெயரும். ஆட்கள் ஏறிப் பழகிய வழிகளில் ஆடும் கற்கள் பெரும்பாலும் முன்பே விழுந்திருக்கும்; யாரும் ஏறாத பாறையில் முதல் ஆள் நீங்கள்தான். வழிபாட்டுக்குரிய பாறைகளிலும் கல்வெட்டோ பழைய கட்டட எச்சமோ உள்ள பாறைகளிலும் ஏறாதீர்கள். ஆணி அடிப்பதை நினைக்கவே வேண்டாம். செங்குத்துப் பாறைகளில் மலைத்தேனீ கூடு கட்டும் என்பதால் தூரத்திலிருந்தே கருமையாகத் தொங்கும் அடைகளைத் தேடுங்கள். கயிற்றில் தொங்குபவர் தேனீயிடமிருந்து ஓட முடியாது. கண்ணிவெடி அகற்றி முடியாத இடங்கள் இன்னமும் உள்ளதால், காட்டுக்குள் புதுப் பாறை தேடி நடக்கும் முன் அப்பகுதிக் கிராம அலுவலரிடம் கேட்டு, ஊரார் அன்றாடம் நடக்கும் பாதையாலேயே போங்கள்.