20 வருட அனுபவம் உள்ள விமானிக்கும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஏன் பரீட்சை?

கேள்வி: "20 வருடம் விமானம் ஓட்டிய கேப்டனைக்கூட ஆறு மாதத்துக்கு ஒருமுறை சிமுலேட்டரில் உட்காரவைத்துப் பரீட்சை வைக்கிறார்களாமே, நிஜமா? தினமும் செய்கிற வேலைதானே, நடைமுறையெல்லாம் மனப்பாடமாக இருக்காதா?"

நிஜம்தான். நான் ஏர்பஸ் ஏ320 ஓட்டுகிறேன். ஆறு வருடம் வலப்பக்க இருக்கையில் ஃபர்ஸ்ட் ஆபீசராக, அதாவது துணை விமானியாக இருந்துவிட்டு இப்போது இடப்பக்கம் கேப்டனாக இருக்கிறேன். இருபது தடவைக்கு மேல் அந்தப் பரீட்சையில் உட்கார்ந்தாயிற்று. முந்தின நாள் இரவு இன்னமும் சரியாகத் தூக்கம் வராது.

முதலில் விதியைச் சொல்லிவிடுகிறேன். சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் விதிகளில், 6-ஆம் இணைப்பு என்று ஒன்று உண்டு. எந்த 12 மாதத்தை எடுத்துக்கொண்டாலும் ஒரு விமானியின் திறனை இரண்டு முறை சோதித்திருக்க வேண்டும் என்கிறது அது. ஒரே மாதிரியான இரண்டு சோதனைகளை நான்கு மாதத்துக்குள் அடுத்தடுத்து முடித்துக் கணக்குக் காட்டவும் முடியாது. இந்தியாவில் விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் டிஜிசிஏ இதைத்தான் நடைமுறைப்படுத்துகிறது. இது தவிர, பயணிகளோடு பறக்கும்போதே மூத்த விமானி ஒருவர் காக்பிட்டில் உட்கார்ந்து பார்க்கிற லைன் செக், அவசரக் கதவு திறப்பது, தீ அணைப்பது, ஆபத்தான சரக்குகள் பற்றிய வகுப்பு என்று வருடம் முழுக்க ஏதாவது ஒன்று வந்துகொண்டே இருக்கும்.

சரி, மனப்பாடம் பற்றிக் கேட்டீர்கள். மனப்பாடமாகத்தான் இருக்கும். நடுராத்திரியில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் அப்படி ஊறிப்போன விஷயம்தான் நமக்குத் தெரியாமலே தேயும். எப்படித் தேயும் என்பதற்கு என்னையே உதாரணம் சொல்கிறேன். ஆட்டோபைலட் இப்போது எந்த நிலையில் இயங்குகிறது என்பதை எங்கள் திரையின் மேல்வரிசை காட்டும். அது மாறும்போதெல்லாம் ஒருவர் அதை வாய்விட்டுப் படிக்க வேண்டும். மற்றவர் பார்த்துவிட்டு "செக்டு" என்று சொல்ல வேண்டும். நாளுக்கு நான்கு பறப்பு, வாரத்தில் ஐந்து நாள். கொஞ்ச காலத்தில் படிப்பது முணுமுணுப்பு ஆகிவிடும். "செக்டு" என்ற சொல் கண் திரைக்குப் போகும் முன்பே வாயிலிருந்து வந்துவிடும். இதனால் ஒன்றும் ஆகாது. நூறு தடவை ஒன்றும் ஆகாது. அதனால் அது தப்பு என்றே தோன்றாமல் போய்விடும். ஒரு சோதனையில் எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த பயிற்றுநர் இதைக் குறித்துவைத்து, முடிந்தபிறகு நிதானமாகச் சொன்னார். அதுவரை நான் அப்படிச் செய்கிறேன் என்பதே எனக்குத் தெரியாது.

ஒரு சொல்லுக்கு இவ்வளவு முக்கியத்துவமா என்று தோன்றலாம். காக்பிட்டில் பெரும்பாலும் நாங்கள் இருவரும் முன்பின் பார்த்திராதவர்கள். நான் திருநெல்வேலிக்காரன், பக்கத்தில் இருப்பவர் லக்னோக்காரர். விமானம் புறப்பட ஒரு மணி நேரத்துக்கு முன்னால்தான் கைகுலுக்கியிருப்போம். அவர் எப்படி ஓட்டுவார், எதற்குப் பதறுவார், எதுவும் எனக்குத் தெரியாது. ஆனால் இந்தக் கணத்தில் அவர் கை எங்கே போக வேண்டும், வாயிலிருந்து என்ன சொல் வர வேண்டும் என்பது தெரியும். எஸ்ஓபி என்று நாங்கள் சொல்கிற வகுக்கப்பட்ட செயல்முறையின் பயன் அதுதான். அது வராதபோது உடனே எனக்கு உறைக்கும். புறப்படும் ஓட்டத்தில் 100 நாட் (மணிக்குச் சுமார் 185 கி.மீ.) வேகம் வந்ததும் கவனிப்பவர் "ஹண்ட்ரட் நாட்ஸ்" என்பார், ஓட்டுபவர் "செக்டு" என்று பதில் சொல்ல வேண்டும். பதில் வரவில்லை என்றால் அவர் மயங்கிக்கூட இருக்கலாம். அந்த மௌனமே எனக்குச் செய்தி. ஆளுக்கு ஆள் தன் இஷ்டத்துக்குச் சொல்லத் தொடங்கினால் மௌனத்துக்கும் அர்த்தம் போய்விடும்.

இதை நான் புரிந்துகொண்ட விதம் இனிமையானது இல்லை. ஃபர்ஸ்ட் ஆபீசராகி இரண்டாவது வருடம், மழைக்கால மாலை ஒன்றில் தரையிறங்கிக்கொண்டிருந்தோம். ஓட்டியது கேப்டன், என்னைவிட 22 வயது மூத்தவர், நல்ல மனிதர். தரையிலிருந்து 1000 அடி உயரத்துக்கு வரும்போது சக்கரம் இறங்கி, இறக்கைத் தட்டுகள் தரையிறங்கும் நிலைக்கு வந்து, வேகம் வரம்புக்குள் இருக்க வேண்டும். இல்லையென்றால் முயற்சியைக் கைவிட்டு மேலே ஏற வேண்டும், அதுதான் கோ அரவுண்ட். அன்று வேகம் 15 நாட் அதிகம். இலக்கைவிட 10 நாட் தாண்டினாலே நான் "ஸ்பீடு" என்று சொல்லியாக வேண்டும். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சார், காற்று பின்னாலிருந்து வருகிற மாதிரி இருக்கிறது" என்றேன். அவர் தலையாட்டினார். வழக்கத்தைவிடத் தள்ளித்தான் சக்கரம் தரையைத் தொட்டது, ஆனால் நிறைய ரன்வே மிச்சம் வைத்து நின்றுவிட்டோம். பயணிகள் யாருக்கும் ஒன்றும் தெரியாது. அன்றிரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து சிமுலேட்டர். எங்கள் நிறுவனத்தில் பொதுவாக முதல் நாள் பயிற்சி, மறுநாள் சோதனை. சிமுலேட்டர்கள் 24 மணி நேரமும் ஓடுவதால் இரவு இரண்டு மணிக்கும் முறை வரும். ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசிவிட்டு, நான்கு மணி நேரம் உள்ளே. ஆறு கால்களில் நிற்கிற பெரிய பெட்டி அது. உள்ளே அச்சு அசலாக அதே காக்பிட், அதே அதிர்வு. அன்றைய பயிற்றுநர் ஒரு பெண் கேப்டன். எனக்குத் தெரியாமல் இடப்பக்கம் இருந்தவரிடம், வேகத்தைக் குறைக்காமல் இறங்குங்கள், இவர் என்ன சொன்னாலும் கண்டுகொள்ளாதீர்கள் என்று முன்பே சொல்லிவைத்திருக்கிறார். நானும் பழையபடி சுற்றிவளைத்து ஏதோ சொன்னேன். திரை அப்படியே உறைந்தது. பயிற்றுநர் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "நீங்கள் சொன்னதில், அவர் என்ன செய்ய வேண்டும் என்று எங்கே இருந்தது?"

அதே இறக்கத்தை அன்று நான்கு தடவை செய்தோம். இரண்டாவது தடவை "ஸ்பீடு" என்றேன். மூன்றாவது தடவை "அன்ஸ்டேபிலைஸ்டு, கோ அரவுண்ட்" என்றேன், அதாவது இறக்கம் நிலைப்படவில்லை, மேலே ஏறுங்கள் என்று. நான்காவது தடவையும் அவர் கேட்காமல் இறங்கியபோது, "ஐ ஹேவ் கண்ட்ரோல்" என்று சொல்லி, விமானத்தை ஓட்டும் கைப்பிடியான சைடுஸ்டிக்கில் இருக்கும் சிவப்புப் பொத்தானை அழுத்தி, இன்ஜின் சக்தியைக் கூட்டும் திரஸ்ட் லீவர்களை முழுக்க முன்னே தள்ளினேன். "பிரியாரிட்டி ரைட்" என்று இயந்திரக் குரல் சொன்னது, கட்டுப்பாடு வலப்பக்கம் வந்துவிட்டது என்று அர்த்தம். என் கை நடுங்கியது. ஒரு கேப்டனின் கையிலிருந்து விமானத்தை வாங்குவது எப்படி இருக்கும் என்பதை நிஜத்தில் முதல்முறையாகச் செய்து பழக முடியாது. நம் ஊர்க் காக்பிட்டில் எல்லாருமே "சார்" என்று கூப்பிட்டுப் பழகியவர்கள். அந்த மரியாதை நல்லதுதான், அதை விடச் சொல்லவில்லை. ஆனால் மரியாதையோடு "கோ அரவுண்ட்" என்று சொல்ல முடிய வேண்டும். அதற்குத் தனியாகப் பழக்கம் வேண்டும்.

2010 மே 22 அன்று மங்களூர் விமான விபத்தில் 158 பேர் இறந்தார்கள், 8 பேர்தான் பிழைத்தார்கள். நிலைப்படாத அந்த இறக்கத்தில் ஃபர்ஸ்ட் ஆபீசர் மூன்று முறை கோ அரவுண்ட் என்று சொன்னதை விசாரணை அறிக்கை பதிவுசெய்திருக்கிறது. கேப்டன் தொடர்ந்து இறங்கினார். பத்து வருடம் கழித்து, 2020 ஆகஸ்ட் 7, கோழிக்கோடு. மழை, பின்காற்று, பாதி ரன்வே தாண்டியபிறகுதான் சக்கரம் தரையைத் தொட்டது. இரண்டு விமானிகள் உட்பட 21 பேர் இறந்தார்கள். ஓட்டியவர் செயல்முறையைப் பின்பற்றாததோடு, கவனித்தவர் கட்டுப்பாட்டைத் தன் கையில் எடுத்துக் கோ அரவுண்ட் செய்யத் தவறியதையும் அந்த அறிக்கை சேர்த்தே காரணமாகச் சொல்கிறது. அவர் கோ அரவுண்ட் என்று சொன்னார். ஆனால் அதற்கு முன் கேப்டனின் கவனத்தைத் திருப்ப அவர் பயன்படுத்திய சொற்கள் வகுக்கப்பட்ட சொற்கள் இல்லை. அந்தப் பக்கத்தைப் படித்தபோது என் "காற்று பின்னாலிருந்து வருகிற மாதிரி இருக்கிறது" என்ற வாக்கியம்தான் காதில் கேட்டது. அவரைக் குறைசொல்ல எனக்கு வாய் வராது. அந்த நாற்காலியில் நானும் உட்கார்ந்திருக்கிறேன்.

அனுபவசாலிக்கு எதற்கு என்பதற்கு இன்னொரு பதிலும் உண்டு. கேப்டனானபிறகு ஒரு சோதனையில், ஓடுபாதையை விட்டு எழும் நேரத்தில் இன்ஜின் ஒன்றை நிறுத்தினார்கள். ஒவ்வொரு முறையும் இது வரும் என்று தெரியும், தெரிந்தும் இதயம் அடித்துக்கொள்ளும். 400 அடி தாண்டும்வரை விமானத்தை நேராக ஏற்றுவது, சக்கரத்தை உள்ளே இழுப்பது, மணிச்சத்தத்தை நிறுத்துவது, இவை தவிர வேறு எதிலும் கை வைக்கக்கூடாது. பிறகு, பழுதான இன்ஜினின் லீவரில் கை வைத்து, எந்த எண் என்று சொல்லி, பக்கத்தில் இருப்பவர் பார்த்து "கன்ஃபர்ம்டு" என்று சொன்னபிறகுதான் அதைப் பின்னே இழுக்க வேண்டும். அன்று நான் அவர் பதில் சொல்வதற்குள் இழுத்துவிட்டேன். சரியான லீவர்தான். ஆனாலும் பயிற்றுநர் அதை விடவில்லை, விடக்கூடாது. 2015 பிப்ரவரி 4 அன்று தைபேயில் ஏடிஆர் விமானம் ஒன்று புறப்பட்ட சற்று நேரத்தில் இரண்டாவது இன்ஜின் சக்தி இழந்தது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த முதல் இன்ஜினின் லீவரைக் கேப்டன் இழுத்துவிட்டார். 58 பேரில் 43 பேர் இறந்தார்கள். "கன்ஃபர்ம்டு" என்ற ஒரு சொல்லுக்குக் காத்திருக்க இரண்டு வினாடிகூட ஆகாது.

சிமுலேட்டர் மட்டும் போதும் என்றும் சொல்ல மாட்டேன். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் பெட்ஃபோர்டில், 2014 மே 31 அன்று கல்ஃப்ஸ்ட்ரீம் ஜெட் ஒன்று ரன்வேயைத் தாண்டி ஓடி எரிந்துபோனது. ஏழு பேர் இருந்தார்கள், ஏழு பேரும் இறந்தார்கள். நிறுத்திவைக்கும்போது காற்றில் ஆடாமல் இருக்க இறக்கை, வால் தட்டுகளைப் பூட்டிவைக்கும் பூட்டை எடுக்காமலே புறப்பட்டுவிட்டார்கள். புறப்படும் முன் தட்டுகளை முழுக்க அசைத்துப் பார்த்திருந்தால் அங்கேயே தெரிந்திருக்கும். பல வருடம் சேர்ந்தே பறந்த, முறையாகப் பயிற்சி முடித்த இரண்டு பேர். பழைய பறப்புப் பதிவுகளை எடுத்துப் பார்த்தால், அதற்கு முந்தைய 175 பறப்புகளில் இரண்டில் மட்டும்தான் அந்தச் சோதனையை முழுமையாகச் செய்திருக்கிறார்கள். பயிற்றுநர் பின்னால் இருக்கும்போது ஒழுங்காகச் செய்வது ஒரு விஷயம். யாரும் பார்க்காத செவ்வாய்க்கிழமை காலையில் செய்வது வேறு விஷயம். அதனால்தான் லைன் செக் இருக்கிறது. ஒவ்வொரு பறப்பின் பதிவையும் நிறுவனமே எடுத்துப் பார்க்கிற ஏற்பாடும் இருக்கிறது. அந்த அறிக்கையைப் படித்ததிலிருந்து நான் சைடுஸ்டிக்கை எல்லாப் பக்கமும் கடைசிவரை தள்ளிப் பார்க்காமல் ஒருநாளும் புறப்பட்டதில்லை.

சோதனையில் தேறாவிட்டால் என்ன ஆகும் என்று பலர் கேட்பார்கள். உடனே வேலை போய்விடாது. பறப்பிலிருந்து நிறுத்திவைத்து, எங்கே தடுமாறினாரோ அதில் கூடுதல் பயிற்சி கொடுத்து, மறுபடி சோதிப்பார்கள். தேறிய பிறகுதான் பயணிகளோடு பறக்க முடியும்.

போன நவம்பரில் சென்னையில் இறங்கிக்கொண்டிருந்தேன். மழை. காற்று சட்டென்று திசை மாறி, 1000 அடியில் வேகம் வரம்பைத் தாண்டி நின்றது. இதோ குறைந்துவிடும் என்று எனக்குத் தோன்றியது. வலப்பக்கம் இருந்த ஃபர்ஸ்ட் ஆபீசர் வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. "அன்ஸ்டேபிலைஸ்டு, கோ அரவுண்ட்" என்றார். குரலில் தயக்கம் இல்லை. லீவர்களை முன்னே தள்ளினேன், மேலே ஏறினோம், ஒரு சுற்று வந்து இறங்கினோம். கோ அரவுண்ட் செய்ததற்காக எங்கள் நிறுவனத்தில் யாரும் விளக்கம் கேட்க மாட்டார்கள். பயணிகளுக்கு ஒலிபெருக்கியில் உள்ளதை உள்ளபடி சொன்னேன். இன்ஜினை நிறுத்தியபிறகு அவருக்கு நன்றி சொன்னேன். அப்புறம் அவர் பார்க்கிங் செக்லிஸ்டை ஒவ்வொரு வரியாக வாசித்தார், நான் ஒவ்வொன்றையும் பார்த்துவிட்டுப் பதில் சொன்னேன்.