மணிக்கட்டில் கட்டிய மிட்டாய் வாட்ச்

கேள்வி: பஞ்சு மிட்டாய்க்குத் தடை போட்டு, கிராமத்துப் பிள்ளைகளின் சந்தோஷத்தையே பறித்துவிட்டார்களே! சவ்வு மிட்டாய், கமர்கட், கடலை மிட்டாய் என்று கலர் கலராகத் தின்று வளர்ந்த எங்களுக்கு என்ன ஆகிவிட்டது?
– ஒரு வாசகர், மணப்பாறை

பதில்: சர்க்கரையைச் சுழற்றிப் பஞ்சாக்கினால் அது வெள்ளையாகத்தான் வரும். ரோஜா நிறம் மனிதர்கள் சேர்ப்பது. 2024 பிப்ரவரியில் தமிழகத்திலும் புதுச்சேரியிலும் தடை வந்ததற்குக் காரணம், அப்படிச் சேர்த்த நிறம் ரோடமின்-பி என்று சோதனையில் தெரிந்ததுதான். துணிக்கும் காகிதத்துக்கும் போடுகிற சாயம் அது. உணவில் அதற்கு நம் சட்டத்தில் இடமே இல்லை.

நீங்கள் சொல்லும் சந்தோஷம் எனக்கும் தெரியும். மூங்கில் கம்பின் உச்சியில் பொம்மை உட்கார்ந்து கைதட்டும். அதன் கீழே பாலித்தீன் தாள் சுற்றிய சவ்வு மிட்டாய். மிட்டாய்க்காரர் ஒரு இழுப்பு இழுத்து, விரலில் முறுக்கி, மணிக்கட்டில் வாட்ச் கட்டிவிடுவார். கடைசியில் ஒரு துணுக்கைக் கிள்ளிக் கன்னத்தில் ஒட்டுவார். அது இனாம்!

ஒருநாள் பாட்டி அசந்து தூங்கும்போது அவள் சுருக்குப் பையின் முடிச்சைச் சத்தமில்லாமல் அவிழ்த்துக் காசு எடுத்துக்கொண்டு ஓடினேன். வாட்ச் கட்டி, மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் நின்று முழுவதையும் நக்கித் தீர்த்துவிட்டு, ஒன்றும் தெரியாதவன் போல வீட்டுக்குள் வந்தேன். அம்மா கையைப் பிடித்துத் திருப்பினாள். மணிக்கட்டைச் சுற்றி சிவப்பாக ஒரு வளையம். "நாக்கை நீட்டுடா" என்றாள். அதுவும் சிவப்பு. அடி விழுந்தது. சீயக்காய் போட்டுத் தேய்த்தும் அந்த வளையம் மறுநாள் வரை போகவில்லை.

அது எந்தச் சாயம் என்று இன்று சொல்ல வழியில்லை. ஆனால் தேய்த்தும் போகாத ஒன்றை ஒரு சின்னப் பிள்ளை விழுங்கியிருக்கிறது என்பதை நினைத்தால் இப்போது எனக்கு வயிறு கலங்குகிறது. பதினைந்து கிலோ எடையுள்ள குழந்தையும் அறுபது கிலோ பெரியவரும் ஒரே அளவு சாயத்தைத் தின்றால், எடைக்கு எடை பார்க்கும்போது குழந்தைக்குப் போவது நான்கு மடங்கு.

"எங்களுக்கு என்ன ஆகிவிட்டது?" என்கிறீர்கள். யார் கணக்கெடுத்தார்கள்? அன்றைக்கு வயிற்றுவலி என்றால் திருநீறு பூசிப் படுக்கவைத்தார்கள். எதைத் தின்றதால் வந்தது என்று யாரும் கேட்கவில்லை.

கமர்கட்டையும் கடலை மிட்டாயையும் இந்தப் பட்டியலில் சேர்த்தது நியாயமில்லை. அவற்றின் நிறம் வெல்லம் கொடுத்தது. கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கு 2020-இல் புவிசார் குறியீடே கிடைத்தது. அவற்றை யாரும் பறிக்கவில்லை. இன்றைக்கும் வாங்கிக் கொடுக்கலாம்.

என் மனம் அடித்துக்கொள்வது மிட்டாய்க்காரருக்காக. பெயர் அச்சிடாத பொட்டலத்தில் 'கலர் பொடி' என்று கொடுத்ததை நம்பி வாங்கி, தன் பிள்ளைக்கும் அதே மிட்டாயைக் கொடுத்தவர் அவர். திருவிழாவில் மணியடித்து விற்கிறவரைப் பிடிப்பது சுலபம். துணிச் சாயத்தைத் தின்பண்டக் கலர் என்று சில்லறையில் விற்ற கடைக்காரரைத்தான் முதலில் பிடிக்க வேண்டும். உங்கள் கோபத்தை அந்தப் பக்கம் திருப்புங்கள். நானும் கூட வருகிறேன்.

அடுத்த திருவிழாவில் பேரனைக் கூட்டிக்கொண்டு போய், கலர் போடாத வெள்ளைப் பஞ்சு மிட்டாயாகக் கேளுங்கள். பத்துப் பேர் அப்படிக் கேட்டால், மறுவருடம் அவர் அந்தப் பொட்டலத்தை வாங்கப் போகமாட்டார்.