மென்டலிசம் (மனதைப் படிப்பதுபோல் காட்டும் வித்தை) மேடையில் டாரட் சீட்டைத் திணிப்பது எப்படி?

பார்வையாளர் எடுப்பது நீங்கள் முன்பே பெயரெழுதி உறையிலிட்ட சீட்டாகவே இருக்க, குறுக்குவெட்டு முறை போதும்.

டாரட் என்பது குறிசொல்லப் பயன்படும் சீட்டுக்கட்டு; அதன் 78 சீட்டும் வேண்டாம். வழக்கமான டாரட் 70×120 மி.மீ., முழுக்கட்டு கைக்கு அடங்காது. அதன் முக்கியச் சீட்டுகளான 22 'பெரிய அர்க்கானா' மட்டும் எடுங்கள். குறித்த சீட்டை மேலே வைத்து, அது இடம் மாறாமல் கலையுங்கள். அவர் மேல்பாதியை வெட்டி மேசையில் வைக்கட்டும். மீதியை அதன்மேல் குறுக்கே வையுங்கள். உடனே திறந்தால் மாட்டிக்கொள்வீர்கள். அரை நிமிடம் அவர் கண்ணைப் பார்த்துப் பேசுங்கள். எந்தப் பாதி எது என்பது மறந்துவிடும். பிறகு குறுக்குப் பாதியைத் தூக்கி, கீழ்ப்பாதியின் மேல்சீட்டை எடுக்கச் சொல்லுங்கள்.

பலர் கோட்டைவிடுவது திசையில்: சீட்டு தலைகீழாக வந்தால் டாரட்டில் பலனே மாறும். எல்லாவற்றையும் ஒரே திசையில் அடுக்குங்கள். 13ஆம் எண் 'மரணம்' சீட்டைத் திணிக்காதீர்கள்; சிலர் உண்மையிலேயே பயந்துவிடுவார்கள்.