பித்தக்குழாய்ல புழு இருந்தா பூச்சி மாத்திரை மட்டும் போதுமா?

ஸ்கேன்ல பித்தக்குழாய்க்குள்ள புழு தெரியுதுன்னு சொல்லிட்டாங்க, பூச்சி மாத்திரை ஒண்ணு போட்டா போதுமா இல்ல ஆபரேஷன் வரைக்கும் போகுமான்னு கேட்டிருக்கீங்க. மொதல்ல அது எந்தப் புழுன்னு டாக்டர்கிட்ட கேளுங்க, மருந்தே அதை வச்சுத்தான் மாறும்.

என் அண்ணிக்கு வந்தது குடல்ல இருக்கற உருண்டைப்புழு, அஸ்காரிஸ்னு சொல்வாங்க. அது மேல ஏறி, பித்தம் சிறுகுடல்ல வந்து விழற துவாரம் வழியா குழாய்க்குள்ள போயிடும். வலது விலாவுக்குக் கீழ திடீர் திடீர்னு வலி, வாந்தி, நாங்க எல்லாரும் பித்தப்பைக் கல்லுன்னே நெனச்சோம், அல்ட்ராசவுண்ட் பண்ணப்புறம்தான் புழுன்னே தெரிஞ்சது. உடனே கத்தி வைக்கல. வலிக்கு ஊசி, டிரிப்ஸ் போட்டு கொஞ்ச நாள் பாத்தாங்க, நெறைய பேருக்கு புழு தானாவே குடலுக்குத் திரும்பிடுமாம், அண்ணிக்கும் அப்படித்தான் ஆச்சு, அப்புறம்தான் குடல்ல இருக்கறதைக் கொல்ல அல்பென்டசோல் 400 மில்லிகிராம் ஒரே டோஸ் குடுத்தாங்க. குழாய்க்குள்ளயே செத்துக் கெடந்தா அதைச் சுத்தி கல்லு சேரும், அதனால வெளிய வரலன்னா ஈஆர்சிபி பண்ணி, வாய் வழியா டியூப் விட்டு எடுத்துடுவாங்க.

தட்டைப்புழுன்னா கதையே வேற. நன்னீர் மீனைப் பச்சையாவோ அரைவேக்காடாவோ சாப்பிடறதால வர்ற குளோனார்க்கிஸ், ஒபிஸ்தார்க்கிஸ் ரெண்டுக்கும் பிராசிகுவான்டெல்தான் மருந்து, எடையைப் பாத்து ஒரு நாளைக்கு மூணு வேளைன்னு பெரும்பாலும் ரெண்டு நாள் குடுப்பாங்க. இதைத் தயவுசெஞ்சு அலட்சியமா விடாதீங்க, வருஷக்கணக்கா உள்ளயே உயிரோட இருக்கும், பித்தக்குழாய் கேன்சருக்கே காரணமாகும். தண்ணில வளர்ற கீரையைப் பச்சையா சாப்பிட்டு வர்ற ஃபாசியோலாங்கற இன்னொரு தட்டைப்புழுவுக்கு பிராசிகுவான்டெல் சரியா வேலை செய்யாது, ட்ரைக்ளாபென்டசோல்தான் வேணும். அதனாலதான் மருந்துக்கடைல கேட்டு வாங்கி நீங்களே போட்டுக்காதீங்கன்னு இவ்வளவு அழுத்திச் சொல்றேன்.

மலப் பரிசோதனைல முட்டை தெரியலன்னா புழு இல்லன்னு விட்டுடாதீங்க. ஃபாசியோலா முட்டை மலத்துல வர மூணு நாலு மாசம்கூட ஆகும், அதுவரைக்கும் ரத்தத்துல ஆன்டிபாடி டெஸ்ட்தான் வழி, இயோசினோபில்ங்கற ஒரு வகை வெள்ளையணு ரத்தத்துல கூடியிருக்கறதும் ஒரு துப்பு.

குளிர் நடுக்கத்தோட காய்ச்சல், கண்ணு மஞ்சளாகறது, வயித்து வலி மூணும் சேந்து வந்துச்சுன்னா குழாய் அடைச்சு சீழ் பிடிக்குதுன்னு அர்த்தம், விடியட்டும்னு காத்திருக்காம அப்பவே எமர்ஜென்சிக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க.