மலைப்பாதையில் குழந்தையோடு கார்: கேள்வி பதில்

குன்னூரில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன். என்னிடம் பழகுகிறவர்களில் பாதிப் பேர் வீட்டில் சின்னப் பிள்ளை உள்ளவர்கள். லைசென்ஸ் வாங்கிய கையோடு குழந்தையை ஏற்றிக்கொண்டு மேட்டுப்பாளையம் இறங்குகிறார்கள். ஓட்டுவதைப் பற்றி நிறையக் கேட்கிறவர்கள், குழந்தையை எங்கே, எப்படி உட்கார வைப்பது என்று அதிகம் கேட்பதில்லை. அதனால் இந்த முறை அதைப் பற்றி மட்டும் கேட்கச் சொன்னேன்.

கோத்தகிரி, 8 மாதக் குழந்தையின் அம்மா: அண்ணா, குழந்தைகளுக்கான தனி சீட்டில் போட்டாலே மகள் அழுகிறாள். மலையில் நாங்கள் 30-க்கு மேல் போவதே இல்லை. மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டால் போதாதா?

போதாதும்மா. 30 என்பது உங்கள் வண்டியின் வேகம். வளைவில் எதிரே இறங்கி வரும் லாரியின் வேகம் உங்கள் கையில் இல்லை. 50 கிலோமீட்டர் வேகத்தில் மோதினால் 10 கிலோ குழந்தை அந்த நொடியில் சுமார் 300 கிலோ கனத்தோடு முன்னால் பாயும். வேகம் குறைந்தால் கனமும் குறையும்தான். ஆனாலும் தாயின் கை தாங்குகிற அளவுக்குக் குறையாது. உங்கள் பெல்ட்டைக் குழந்தைக்கும் சேர்த்துப் போட்டால் இன்னும் மோசம், உங்கள் உடம்பே அவளை நசுக்கும்.

அழுகைக்கு வழி இருக்கிறது. சீட்டை வீட்டுக்குள் கொண்டுவந்து வையுங்கள். அதில் உட்கார வைத்து விளையாட்டுக் காட்டுங்கள். பிறகு கட்டபெட்டு வரைக்கும் போய் வருகிற மாதிரி சின்னப் பயணம். பின் சீட்டில் அவள் பக்கத்தில் நீங்கள் உட்காருங்கள். பால் கொடுக்க வேண்டுமென்றால் குஞ்சப்பனை போல நிறுத்த இடமுள்ள பகுதியில் வண்டியை நிறுத்திவிட்டுத்தான். இறங்கும்போது காது அடைத்தும் அழுவார்கள், அப்போது நிறுத்திப் பால் கொடுத்தால் விழுங்க விழுங்க காது விட்டுவிடும். தூங்கினாலும் தாடை நெஞ்சில் ஒட்டாமல் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருங்கள், ஒட்டினால் மூச்சு அடைக்கும்.

ஊட்டி, ஒரு அப்பா: மகனுக்கு ஒன்றரை வயது. வண்டியின் பின்பக்கம் பார்த்து உட்காரும் பின்னோக்கிய சீட்டில் கால் மடங்குகிறது. முன்னோக்கித் திருப்பிவிடலாமா?

கால் மடங்கினால் ஒன்றும் ஆகாது, சம்மணம் போட்டுக்கொள்வான். கவலைப்பட வேண்டியது கழுத்தைப் பற்றி. இந்த வயதில் உடம்புக்குத் தலை பெரிது, கழுத்தெலும்பு முழுதாக இறுகியிருக்காது. முன்னோக்கி உட்கார்ந்திருந்தால் மோதலில் தலை முழுக் கனத்தோடு முன்னால் இழுபடும். பின்னோக்கி இருந்தால் சீட்டின் முதுகு தலையையும் கழுத்தையும் சேர்த்துத் தாங்கிக்கொள்ளும். ஐரோப்பாவின் புதிய விதிப்படி 15 மாதம் வரை பின்னோக்கியே இருக்க வேண்டும். அது குறைந்தபட்சம்தான். உங்கள் சீட்டில் எழுதியிருக்கும் எடையும் உயரமும் தாண்டுகிற வரை அப்படியே விடுங்கள். ஏர்பேக் வேலை செய்கிற முன் இருக்கையில் பின்னோக்கிய சீட்டை ஒருபோதும் வைக்காதீர்கள்.

மதுரை, கொடைக்கானல் போகிறவர்: வத்தலக்குண்டு வரை வெயில், பெருமாள்மலை தாண்டினால் குளிர். ஜெர்கின் போட்டு அதன் மேல் பெல்ட் மாட்டலாமா?

வேண்டாம். நல்ல கேள்வி, ஏனென்றால் ஊட்டியிலும் கொடைக்கானலிலும் எல்லோரும் செய்வது இதுதான். பஞ்சடைத்த ஜெர்கின் மோதலில் அப்பளமாக நசுங்கிவிடும், பெல்ட் தொளதொளவென்று ஆகிவிடும். நீங்களே செய்து பாருங்கள்: ஜெர்கினோடு பெல்ட்டை இறுக்குங்கள். பெல்ட்டின் அளவை மாற்றாமல் குழந்தையை எடுத்து, ஜெர்கினைக் கழற்றிவிட்டு மறுபடி மாட்டுங்கள். தோளில் எவ்வளவு இடைவெளி என்று தெரியும். மெல்லிய ஸ்வெட்டர் போதும். பெல்ட்டை மாட்டி, தோளில் பெல்ட்டைக் கிள்ளினால் மடிப்பு விழாத அளவுக்கு இறுக்கி, அதற்கு மேல் கம்பளியைப் போர்த்திவிடுங்கள்.

அரவங்காடு: மகள் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் வாந்தி எடுக்கிறாள். மடியில் படுக்க வைக்கலாமா?

படுக்க வைக்க வேண்டாம். கிளம்புமுன் இரண்டு இட்லி போதும், எண்ணெய்ப் பலகாரம் தவிருங்கள். செல்போன் கூடாது, தூரத்து மலையைப் பார்க்கச் சொல்லுங்கள். வளைவில் மெதுவாகத் திருப்புவது ஓட்டுநரின் பொறுப்பு. வாந்தி வந்தால் அகலமான இடத்தில் நிறுத்திய பிறகே பெல்ட்டைக் கழற்றுங்கள். மாத்திரை டாக்டரைக் கேட்டு.

வெலிங்டன்: பையனுக்கு 6 வயது. சன்ரூஃபில் நின்று வருவேன் என்று அடம். மற்றபடி பெரியவர்கள் பெல்ட்டே போதும்தானே?

சன்ரூஃபில் நிற்கவே விடாதீர்கள். ஒரு பிரேக் போதும், பிள்ளை வெளியே. பெல்ட்டும் 6 வயதுக்குப் பொருந்தாது. தோள் பெல்ட் கழுத்தை அறுக்கும், இடுப்பு பெல்ட் வயிற்றில் ஏறி உள்ளுறுப்பைக் கிழிக்கும். பிள்ளையை உயர்த்தி உட்கார வைக்கும் பூஸ்டர் சீட் வேண்டும். முதுகு சாய்ந்து, முழங்கால் சீட் விளிம்பில் மடங்கி, பெல்ட் தோளின் நடுவிலும் இடுப்பெலும்பின் மேலும் படிகிற வரை அது தேவை. 135 சென்டிமீட்டர் உயரத்துக்கு முன் அப்படிப் படிவது அபூர்வம். 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவின்படி 14 வயதுக்குட்பட்ட குழந்தையைப் பாதுகாப்பு இல்லாமல் ஏற்றினால் 1000 ரூபாய் அபராதமும் உண்டு.

கூடலூர், ஜீப் ஓட்டுகிறவர்: எஸ்டேட் பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றுகிறேன். பின்னால் இரண்டு பக்கமும் பெஞ்ச், பெல்ட் இல்லை. என்ன செய்யலாம் அண்ணா?

கேட்டதற்கே நன்றி தம்பி. உண்மையைச் சொல்கிறேன்: பெல்ட் இல்லாத பக்கவாட்டு பெஞ்சைப் பாதுகாப்பாக்க வழி கிடையாது. பிரேக் போட்டால் பிள்ளைகள் ஒருவர் மேல் ஒருவர் விழுவார்கள், பின்கதவு திறந்தால் ரோட்டில் விழுவார்கள். முன்னோக்கிய சீட்டும் பெல்ட்டும் உள்ள வண்டிதான் தீர்வு. அது வரும்வரை ஆளைக் குறையுங்கள், ஒரே நடையில் அடைக்காமல் இரண்டு நடை அடியுங்கள். பெல்ட் உள்ள நடு சீட்டை முதலில் நிரப்புங்கள். பின்கதவு பூட்டியிருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் இறங்கிப் பாருங்கள். ஓட்டுநர் பக்கத்தில் இரண்டு பிள்ளைகளைத் திணிக்கக் கூடாது, கியர் போடும் கைக்கு இடம் வேண்டும். இறக்கத்தில் செகண்ட் கியர், நியூட்ரல் கூடவே கூடாது. இரண்டாவது நடைக்கு டீசல் யார் கொடுப்பது என்று கேட்பீர்கள். பெற்றோரைக் கூட்டிப் பேசுங்கள். அந்தச் செலவு உங்கள் ஒருவர் தலையில் விழுவது நியாயமில்லை, அவர்கள் பங்கு போட வேண்டும்.

காட்டேரி, ஒரு தாத்தா: பேரனை வண்டியிலேயே விட்டு ஐந்து நிமிடம் கடைக்குப் போகலாமா?

வேண்டாம் ஐயா, கூட்டிக்கொண்டே போங்கள். நம் ஊர் சரிவில் பையன் ஹேண்ட் பிரேக்கைத் தட்டிவிட்டால் வண்டி உருளும். ஊட்டி வெயிலிலும் மூடிய காருக்குள் சூடு ஏறும். ஆளில்லாத வண்டியையும் ஹேண்ட் பிரேக் போட்டு, மேடு பார்த்து நின்றால் முதல் கியர், இறக்கம் பார்த்து நின்றால் ரிவர்ஸ் கியர் போட்டு, உருண்டாலும் மலைப்பக்கம் முட்டும்படி டயரைத் திருப்பி, கல்லும் வைத்துவிட்டுப் போங்கள்.

குன்னூர்: பழைய குழந்தை சீட் ஒன்று விலைக்கு வருகிறது. வாங்கலாமா?

விபத்தில் இருந்த சீட் இல்லை என்று விற்கிறவரை நம்ப முடிந்தால் மட்டும். அடியில் அச்சிட்ட காலாவதித் தேதியையும், ஆர்44 அல்லது ஆர்129 என்ற ஐரோப்பியப் பாதுகாப்புத் தர ஒட்டுச்சீட்டையும் பாருங்கள். தேதி கடந்திருந்தாலோ பிளாஸ்டிக்கில் விரிசல் இருந்தாலோ விட்டுவிடுங்கள். வாங்கினால் என் வகுப்புக்குக் கொண்டுவாருங்கள், மாட்டிக் காட்டுகிறேன்.